பழைய டிவி ஆன்டெனாவை வீட்டு வானொலிக்குப் பயன்படுத்துதல்: எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பல மொட்டை மாடிகளில் இன்னமும் ஒரு துருப்பிடித்த இரும்புக் குழாயும் அதன் உச்சியில் சாய்ந்து நிற்கும் அலுமினிய ஆன்டெனாவும் மிச்சம் இருக்கின்றன. கேபிள் டிவி வந்தபோதே அவற்றின் பயன் குறைந்துவிட்டது. 2021, 2022 வாக்கில் தூர்தர்ஷன் தன் பழைய அனலாக் ஒளிபரப்பு நிலையங்களில் பெரும்பாலானவற்றை மூடியபின் அவை பிடிப்பதற்கு அலையே இல்லாமல் போனது. அவற்றைக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. கீழே சமையலறையில் இரைச்சலோடு பாடிக்கொண்டிருக்கும் வானொலிப் பெட்டிக்கு இந்த ஆன்டெனாவால் ஏதாவது உதவி உண்டா? உண்டு என்பதுதான் என் அனுபவம். ஆனால் எல்லா டிவி ஆன்டெனாவும் எல்லா வானொலிக்கும் உதவுவதில்லை. சில வீடுகளில் மாடி ஏறவே தேவையில்லை. எனவே கையில் இருக்கக்கூடிய வழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

உதாரணத்துக்குக் கோடை பண்பலையை எடுத்துக்கொள்கிறேன். 100.5 மெகா ஹெர்ட்ஸில் கொடைக்கானல் மலையிலிருந்து ஒலிபரப்பாகும் இந்த நிலையத்துக்குத் தென் மாவட்டங்களில் விசுவாசமான நேயர்கள் உண்டு. மதுரையிலிருந்து கொடைக்கானல் நேர்கோட்டில் ஏறத்தாழ 75 கிலோமீட்டர். மலையின் உயரம் சுமார் 2,100 மீட்டர் என்பதால் பூமியின் வளைவு அலையை மறைப்பதில்லை, ஆகவே மொட்டை மாடியில் கையடக்க வானொலியைப் பிடித்து நின்றால் பாட்டு தெளிவாகக் கேட்கும். அதே பெட்டியைக் கீழ்த்தளத்துச் சமையலறைக்குக் கொண்டுவந்தால் இரைச்சல் ஏறிவிடும். கான்கிரீட் கூரைக்குள் பின்னப்பட்டிருக்கும் கம்பிகள், சன்னலின் இரும்புக் கிராதி, பக்கத்து வீட்டுச் சுவர், பீரோ, ஃபிரிட்ஜ் எல்லாம் அலையைத் தடுக்கின்றன அல்லது திருப்பி அடிக்கின்றன. அப்படித் திரும்பி வரும் அலைகள் நேராக வரும் அலையோடு சேரும்போது சில இடங்களில் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன, சில இடங்களில் அழித்துக்கொள்கின்றன. பெட்டியை ஒரு முழம் நகர்த்தினாலே ஒலி மாறுவதும், நாம் அருகில் போய் நின்றால் தெளிவதும் விலகினால் கெடுவதும் இதனால்தான்.

அடுத்து அளவுக் கணக்கு. இதைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் முடிவுகள் எல்லாம் தாமாகவே விளங்கும். 300ஐ மெகா ஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 100 மெகா ஹெர்ட்ஸுக்கு அது 3 மீட்டர். அலைநீளத்தில் பாதி அளவுள்ள கம்பி, அதாவது நடுவில் பிரிந்து இரண்டு கைகளாக நிற்கும் கம்பி, அந்த அலையை நன்றாக வாங்கும். உலோகக் கம்பியில் இந்த அளவு சற்றுக் குறைய வேண்டும் என்பதால், 100 மெகா ஹெர்ட்ஸுக்கு முழு நீளம் 142 சென்டிமீட்டர், ஒவ்வொரு கையும் 71 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். நம் நாட்டு எஃப்எம் ஒலிபரப்பு 88 முதல் 108 மெகா ஹெர்ட்ஸ் வரை. பழைய தொலைக்காட்சியோ இதற்குக் கீழே 47 முதல் 68 வரை ஒரு பட்டையிலும், மேலே 174 முதல் 230 வரை இன்னொரு பட்டையிலும் ஒளிபரப்பானது. எஃப்எம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. டிவி ஆன்டெனா வானொலிக்கு ஓரளவு பொருந்துவதும் முழுக்கப் பொருந்தாததும் இந்த இடைநிலையால்தான்.

முதல் வழி, எதையும் இணைக்காமல் பெட்டியின் சொந்தக் கம்பியைச் சரியாகப் பயன்படுத்துவது. இது மிகச் சாதாரணமாகத் தோன்றினாலும், என்னிடம் ஆலோசனை கேட்டவர்களில் பாதிப் பேருக்கு இதுவே போதுமானதாக இருந்தது. நிலையம் இருக்கும் திசையைப் பார்த்த சன்னலின் பக்கம் பெட்டியை வைத்து, இழுத்து நீட்டும் கம்பியை 70 முதல் 75 சென்டிமீட்டர் வரை நீட்டி, முதலில் நிமிர்த்தியும் பிறகு படுக்கை வாட்டில் சாய்த்தும் பார்க்க வேண்டும். செல்போன் சார்ஜரையும் மலிவான எல்இடி பல்பையும் அணைத்துவிட்டு ஒருமுறை கேட்க வேண்டும். பெட்டியில் ஸ்டீரியோ, மோனோ என்று மாற்றும் விசை இருந்தால் மோனோவுக்கு மாற்ற வேண்டும். வலுவற்ற அலையில் ஸ்டீரியோவாகக் கேட்பதுதான் அந்தச் சீறல் சத்தத்துக்குப் பெரும் காரணம். மோனோவில் அது பெருமளவு அடங்கிவிடும். இவ்வளவும் செய்து நிலையம் தெளிவாகிவிட்டால் மேற்கொண்டு எந்தச் செலவும் தேவையில்லை.

இரண்டாவது வழி, டிவியின் தலைமேல் வைத்திருந்த உள்ளறை ஆன்டெனா. வி எழுத்தைப் போல இரண்டு கம்பிகள் விரிந்து நிற்கும் அந்தச் சிறிய ஆன்டெனாவைப் பலர் பரணில் போட்டு மறந்திருப்பார்கள். என் கருத்தில், வீட்டுக்குள் எஃப்எம் கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பொருள் பழைய சாமான்களில் கிடைக்காது. இதன் கைகளை நம் விருப்பப்படி நீட்டவும் சுருக்கவும் முடியும் என்பதே இதன் பெரிய பலம். நடுவே உள்ள வளையம் யுஎச்எஃப் எனப்படும், இன்னும் உயர்ந்த அதிர்வெண் கொண்ட டிவி ஒளிபரப்புக்கானது, நமக்கு வேண்டாம். 7,100ஐ நிலையத்தின் மெகா ஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் ஒவ்வொரு கையின் நீளம் சென்டிமீட்டரில் கிடைக்கும். கோடை பண்பலைக்கு 71 சென்டிமீட்டர், 93.5க்கு 76; 106.4க்கு 67. பல நிலையங்களையும் கேட்பவர்கள் 72இல் நிறுத்திவிட்டு மறந்துவிடலாம், வித்தியாசம் காதுக்குத் தெரியாது. கைகளை வி வடிவில் மேல்நோக்கி வைக்காமல், ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் விரித்து, அந்தக் கோட்டின் அகலப் பக்கம் நிலையத்தை நோக்கும்படி வைத்தால் நல்ல பலன் கிடைக்கும். கம்பியின் நுனி நிலையத்தை நோக்கி இருந்தால் அலை மிகக் குறைவாகவே வாங்கப்படும். இந்தக் குறையையும் பயனாக்கலாம்: தொல்லை கொடுக்கும் ஓர் உள்ளூர் நிலையத்தின் பக்கம் நுனியைத் திருப்பிவிட்டால் அதன் ஆதிக்கம் குறையும்.

இணைக்கும் முறையில்தான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். வானொலியும் சேர்ந்த பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர்களின் பின்புறத்தில் எஃப்எம் ஆன்டெனாவுக்கென்று இரண்டு திருகுகளோ ஒரு வட்டத் துளையோ இருக்கும். திருகுகள், இரண்டு செம்புக் கம்பிகள் பக்கம் பக்கமாக ஓடும் தட்டையான 300 ஓம் ஃபிளாட் ஒயருக்கு. வட்டத் துளை, கேபிள் டிவிக்குப் போடும் உருண்டையான 75 ஓம் கேபிளுக்கு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற, டிவி கடைகளில் ஒரு காலத்தில் சில ரூபாய்க்குக் கிடைத்த மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மர் போதும். அது இல்லாமல் நேரடியாக முறுக்கிவிட்டால் அலையின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு திரும்பிப் போய்விடும். கேட்பதற்கு அது பெரிய இழப்பில்லை. ஆனால் அந்த மாற்றி இல்லாதபோது கேபிளின் வெளி உறையே ஓர் ஆன்டெனாவாகி வீட்டுக்குள் உள்ள மின்சார இரைச்சலை எல்லாம் வாரிக்கொண்டு வரும் என்பதுதான் உண்மையான தொல்லை. கையடக்க வானொலியில் இத்தகைய இணைப்பு இருப்பதில்லை. அதற்கு ஆன்டெனாவிலிருந்து வரும் ஒயரின் இரண்டு செம்புகளில் ஒன்றைக் கிராக்கடைல் கிளிப்பால் பெட்டியின் கம்பியில் மாட்டி, கம்பியை உள்ளே தள்ளி வைத்துவிட வேண்டும். மற்றொரு செம்பை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலோ இயர்ஃபோன் துளையின் வெளி உலோகத்திலோ சேர்த்தால் நல்லது. இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நேரடியாக வீட்டு மின்சாரத்தில் ஓடும் பழைய வால்வு ரேடியோக்கள் சிலவற்றில் அடித்தகடே மின்சாரத்தோடு தொடர்பில் இருக்கும். அத்தகைய பெட்டியின் உள் உலோகத்தில் எதையும் மாட்டக் கூடாது. பழுது பார்ப்பவரிடம் காட்டிவிட்டே கை வைக்க வேண்டும்.

மூன்றாவது வழி மொட்டை மாடி ஆன்டெனா. இது உழைப்பும் கவனமும் கேட்கும் வழி, ஆனால் கிடைக்கும் பலனும் மிகுதி. உயரமும் திறந்த வெளியும் வேறு எந்தச் சாதனத்தாலும் ஈடு செய்ய முடியாதவை. கம்பிகளை வரிசையாக அடுக்கி ஒரு திசையை நோக்கும் இந்த வடிவத்தை ஜப்பானின் ஹிடெட்சுகு யாகியும் ஷின்டாரோ உடாவும் 1920களில் உருவாக்கினார்கள். நூறாண்டு ஆகியும் அடிப்படை மாறவில்லை. ஒயர் இணைந்திருக்கும் நீள்வட்டக் குழாய்தான் அலையை வாங்குவது. பின்னால் சற்று நீண்ட கம்பி அலையைத் திருப்பி அனுப்புவது. முன்னால் உள்ள குட்டையான கம்பிகள் அலையை வழிநடத்துவது.

மாடியில் ஏறியதும் முதலில் அந்த நீள்வட்டக் குழாயின் நீளத்தை அளந்து பாருங்கள். 2 மீட்டரைத் தாண்டினால் அது கீழ்ப் பட்டைக்கானது. 70, 80 சென்டிமீட்டர் அளவில் இருந்தால் மேல் பட்டைக்கானது. 20, 30 சென்டிமீட்டர் கம்பிகள் நெருக்கமாக அடுக்கியிருந்தால் அது யுஎச்எஃப் ஆன்டெனா. மூன்றாவது வகையால் எஃப்எம்முக்குப் பயன் இல்லை, அதைப் பற்றி மேலும் யோசிக்க வேண்டாம். மேல் பட்டை ஆன்டெனா தேவையான நீளத்தில் பாதியே இருப்பதால் தன் திறமையைக் காட்டாது. உயரத்தில் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் ஓரளவு உதவும். கீழ்ப் பட்டை ஆன்டெனாதான் நமக்கு வாய்ப்பானது. அதை வெட்டாமல் அப்படியே இணைத்தாலும் வலுவான முன்னேற்றம் தெரியும். ஆனால் ஒரு வினோதத்தை எதிர்பார்த்திருக்க வேண்டும். 60 மெகா ஹெர்ட்ஸ் அளவுக்குச் செய்யப்பட்ட முன்கம்பிகள் 100 மெகா ஹெர்ட்ஸுக்கு மிக நீளமானவை. வழிநடத்துவதற்குப் பதிலாக அலையைத் திருப்பி அனுப்பத் தொடங்கிவிடும். அதனால் சில ஆன்டெனாக்கள் தம் முதுகைக் காட்டும்போதுதான் நன்றாக வாங்கும். ஆகவே கொடைக்கானலை நோக்கி வடமேற்காகத் திருப்பிவிட்டுத் திருப்தி அடையாமல், குழாயை மெல்ல ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். 1980களில் இராமநாதபுரம், தூத்துக்குடி கடற்கரை ஊர்களில் இலங்கையின் ரூபவாஹினிக்காக ஒருவர் மாடியில் குழாயைத் திருப்ப, மற்றொருவர் சன்னலருகே நின்று "வந்துருச்சு, நிறுத்து" என்று கத்திய அதே முறைதான் இதற்கும். இன்று கத்துவதற்குப் பதிலாகச் செல்போனில் பேசிக்கொள்ளலாம்.

வெட்டத் துணிபவர்களுக்கு அந்த ஆன்டெனாவே நல்ல மூலப்பொருள். நீள்வட்டக் குழாயின் இரு வளைவுகளையும் அறுத்தெடுத்து, நேர்ப்பகுதியைக் குறைத்து, முனைகளை அலுமினியப் பட்டையும் போல்ட்டும் கொண்டு மீண்டும் இணைத்து, முழு நீளம் 142 சென்டிமீட்டர் வரும்படி செய்ய வேண்டும். பின்கம்பியை 150, 155 சென்டிமீட்டருக்கும், முன்கம்பியை 132, 135 சென்டிமீட்டருக்கும் வெட்டி, இவற்றுக்கு இடையே சுமார் 60 சென்டிமீட்டர் இடைவெளி வருமாறு நகர்த்தினால், அது எஃப்எம்முக்கென்றே செய்த மூன்று கம்பி ஆன்டெனாவாகிவிடும். அலுமினியம் பற்ற வைக்க எளிதில் இடம் கொடுக்காது. போல்ட்டும் ஸ்டார் வாஷரும் போட்டு இறுக்குவதே மேல். இந்த வேலைக்கு அரை நாள் பிடிக்கும். புதிதாக எஃப்எம் ஆன்டெனா வாங்க நினைப்பவர்கள், அந்தப் பணத்தைச் செலவழிக்காமலே தங்கள் மாடியில் உள்ள அலுமினியமே கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும் என்பதை ஒருமுறை யோசித்துப் பார்க்கட்டும்.

மாடி ஆன்டெனாவின் பலவீனம் அதன் ஒயரில் இருக்கிறது. முப்பது வருட வெயிலில் ஃபிளாட் ஒயரின் பிளாஸ்டிக் வெடித்து, உள்ளே செம்பு பச்சை பூத்துப் போயிருக்கும். மழை ஈரத்தில் அதன் இழப்பு மேலும் கூடும். சுவரையோ இரும்புக் குழாயையோ ஒட்டி ஓடினாலும் கெடும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, கேபிள் டிவிக்குப் போட்ட 75 ஓம் கோஆக்சியல் கேபிளைப் பயன்படுத்துவதே சரி. பல வீடுகளில் கேபிள் இணைப்பை நிறுத்திய பிறகும் மாடியிலிருந்து கூடம் வரை அந்தக் கேபிள் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். 100 மெகா ஹெர்ட்ஸில் 20 மீட்டர் கேபிள் தின்னும் அலை மிகக் குறைவு. கேபிள்காரரின் தெருத் தொடர்பிலிருந்தும் பிரிப்பானிலிருந்தும் அதை முழுக்கத் துண்டித்துவிட்டே இணைக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை.

டிவி பூஸ்டரைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நகரத்துக்குள் இருப்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. தனியார் எஃப்எம் நிலையங்கள் பல ஒரே கோபுரத்தைப் பகிர்ந்துகொள்வதால் அந்தத் திசையிலிருந்து வரும் அலை ஏற்கெனவே மிக வலுவானது. அதைப் பூஸ்டர் மேலும் பெருக்கும்போது வானொலி திணறி, உள்ளூர் நிலையம் தன் இடத்திலும் இல்லாத இடங்களிலும் ஒலிக்கும். நாம் தேடிய தூரத்து நிலையம் அதன் அடியில் புதைந்துவிடும். மேலும் பூஸ்டர் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும், இல்லாத அலையை அது உண்டாக்காது. மிக நீளமான கேபிள் ஓடும் கிராமத்து வீட்டில், அதுவும் ஆன்டெனாவின் அடியிலேயே பொருத்தினால் மட்டும் அதற்கு வேலை உண்டு.

மாடி ஆன்டெனாவும் இல்லை, பரணில் வி ஆன்டெனாவும் இல்லை என்றால், ஃபிளாட் ஒயரில் 145 சென்டிமீட்டர் வெட்டி, இரு முனைகளிலும் இரண்டு செம்புகளையும் முறுக்கிச் சேர்த்து, ஒரு பக்கச் செம்பை மட்டும் நடுவில் அறுத்து, அந்த இரண்டு நுனிகளிலிருந்து இன்னொரு ஃபிளாட் ஒயரை இறக்கினால் டி வடிவ ஆன்டெனா தயாராகிவிடும். சன்னலுக்கு மேலே திரைச்சீலைக் கம்புக்குப் பின்னால் ஒட்டி வைத்தால் கண்ணுக்கும் தெரியாது. கம்பு மட்டும் மரமாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்க வேண்டும். திருப்பி வைக்க முடியாது என்பது குறை.

இதுவரை சொன்னதெல்லாம் எஃப்எம்முக்கு. மத்திய அலைக்கு (மீடியம் வேவ்) இவற்றில் எதுவும் அப்படியே பொருந்தாது, இங்கே பலர் ஏமாந்து போகிறார்கள். திருச்சி வானொலியைப் பலரும் கேட்டுப் பழகிய 936 கிலோ ஹெர்ட்ஸின் அலைநீளம் 320 மீட்டர். அதன் முன்னால் 2 மீட்டர் அலுமினியக் குழாய் ஒரு துரும்பு. போதாததற்கு, கையடக்க வானொலியின் இழுக்கும் கம்பி மத்திய அலைக்குத் தொடர்பில்லாதது. அந்த அலையை வாங்குவது பெட்டிக்குள் இருக்கும் கறுப்பு ஃபெரைட் கட்டையும் அதன் மேல் சுற்றிய செம்புக் கம்பியும்தான். ஆன்டெனாவை விட, அதிலிருந்து கீழே இறங்கும் நீண்ட ஒயரே கொஞ்சம் உதவும்: அதன் இரண்டு கடத்திகளையும் ஒன்றாக முறுக்கி, பெட்டியின் மேல் நாலைந்து சுற்றுச் சுற்றி வைத்தால் சில நிலையங்கள் உயரும், ஆனால் எல்இடி பல்பின் இரைச்சலும் சேர்ந்தே உயரும். மத்திய அலை மீது உண்மையான பற்று உள்ளவர்கள் 60 சென்டிமீட்டர் பக்கமுள்ள மரச் சட்டத்தில் 10 முதல் 12 சுற்றுக் கம்பி சுற்றி, அதன் இரு முனைகளிலும் பழைய ரேடியோவில் நிலையம் மாற்றத் திருப்பும் 500 பைக்கோஃபாரட் கேங்க் கண்டன்சரை இணைத்துக்கொள்ளட்டும். மின்சாரமும் வேண்டாம், பெட்டியில் எதையும் மாட்டவும் வேண்டாம். வானொலியை அதன் அருகில் வைத்து கேங்கைத் திருப்பினால், ஒரு புள்ளியில் நிலையம் திடீரென்று எழும்பி வரும். அந்தக் கணத்தின் மகிழ்ச்சியை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

செல்போனில் கேட்டுவிடலாமே என்பது நியாயமான கேள்வி. ஆகாசவாணியின் பல நிலையங்கள் நியூஸ் ஆன் ஏர் செயலியில் தெளிவாகக் கிடைக்கின்றன. இணையம் தடையின்றி இருந்து, ஒருவர் மட்டும் கேட்பதாக இருந்தால் அது எளிது. ஆனால் புயல் நாளில் செல்போன் கோபுரம் மின்சாரம் இல்லாமல் அடங்கிப் போகும்போது இரண்டு பேட்டரியில் ஓடும் பெட்டிதான் செய்தி சொல்லும். வயதானவர்களுக்கு ஒரு திருகைத் திருப்பினால் பாடும் பெட்டி தரும் வசதியையும் செயலி தருவதில்லை.

எனவே உள்ளூர் நிலையங்களை மட்டும் கேட்பவர் பெட்டியைச் சன்னலுக்கு நகர்த்துவதோடு நிறுத்திக்கொள்ளலாம். 50 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஒரு நிலையம் வேண்டும், வீட்டில் எங்காவது ஒரு மூலையில் அது மங்கலாகவேனும் கேட்கிறது என்றால் வி ஆன்டெனாவே போதும். வீட்டுக்குள் எங்குமே கேட்கவில்லை, மாடியில் மட்டும் கேட்கிறது என்றால்தான் மாடி ஆன்டெனாவுக்கு உழைப்பது நியாயம். அடுக்குமாடிக் குடியிருப்பில் மாடி உங்கள் கையில் இல்லை என்றால் டி வடிவ ஒயருக்குப் போங்கள். மத்திய அலைக்கு மரச் சட்டம்.

எங்கள் வீட்டில் இவற்றில் இரண்டு வழிகள் இடம் பிடித்தன. அம்மாவின் சமையலறைப் பெட்டிக்கு வி ஆன்டெனா. அதைச் சன்னல் மேடையில் படுக்கை வாட்டில் வைத்த பிறகு காலை நிகழ்ச்சிகளைப் பெட்டியைத் தொடாமல் கேட்கிறார். கூடத்து ஆம்ப்ளிஃபயருக்கு மாடியில் வெட்டித் திருத்திய ஆன்டெனா. மாடிக் குழாயைத் தொடும் முன் அது சாய்ந்தால் மின்கம்பியில் விழுமா என்பதைப் பார்த்துக்கொண்டேன்; விழும் தூரத்தில் இருந்திருந்தால் அந்த ஆசையையே கைவிட்டிருப்பேன். குழாயின் அடியிலிருந்து தடித்த செம்புக் கம்பி ஒன்றைத் தரையில் புதைத்த எர்த் வரை இறக்கியிருக்கிறேன். நேரடி இடியை அது தாங்கும் என்று யாரும் நம்பக் கூடாது. அதனால் சித்திரை, வைகாசியில் மாலை இடி முழங்கத் தொடங்குமுன்பே கேபிளை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிச் சன்னலுக்கு வெளியே போட்டுவிடுகிறோம். ஐப்பசி மழைக்கு முன்னால் மேலே ஏறி, கேபிள் ஆன்டெனாவில் சேரும் இடத்தில் சுற்றிய ரப்பர் டேப்பைப் பிரித்துப் புதிதாகச் சுற்றுவதும், தண்ணீர் உள்ளே வழியாதபடி கேபிளை அந்த இடத்தில் ஒரு வளைவாகத் தொங்கவிட்டுக் கட்டுவதும் வருடத்துக்கு ஒருமுறை செய்யும் வேலை.